சாதாரணக் கணினியில் ஓடும் செஸ் நிரலுடன் போட்டிக்குப் போவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓய்வு நேரத்தில் தாமே எழுதிய செஸ் நிரலை, கையிலிருக்கும் மடிக்கணினியிலோ பழைய மேசைக் கணினியிலோ ஓட்டி, நிரல்களுக்கான போட்டியில் முதன்முறையாக இறக்க நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. செஸ் நிரல் எழுதுவதை இது அடியிலிருந்து கற்றுத்தராது. நிரல் ஏற்கெனவே ஆடுகிறது, ஆனால் போட்டியைத் தாங்குமா என்று தெரியவில்லை என்ற கட்டத்தில் நிற்பவருக்கு எழும் கேள்விகளே இங்குள்ளன.

அமெச்சூர் நிரல் என்று எதைச் சொல்கிறார்கள்?

விற்பனைக்காக எழுதப்படாத, எழுதியவரின் பிழைப்பு அதைச் சார்ந்திராத நிரலை அப்படிச் சொல்வது வழக்கம். ஒரு காலத்தில் இந்தக் கோடு தெளிவாக இருந்தது. 1980-இல் லண்டனில் தொடங்கிய உலக மைக்ரோ கணினி செஸ் சாம்பியன் போட்டிகளில் செஸ் கணினி விற்கும் நிறுவனங்கள் ஒரு பக்கமும், தனியாட்கள் மறுபக்கமும் இருந்தார்கள். பிற்காலத்தில் சிறந்த அமெச்சூர் நிரலுக்கெனத் தனிப் பட்டமும் தரப்பட்டது. இப்போது அந்தக் கோடு மங்கிவிட்டது. இன்றைய மிக வலிய செஸ் நிரல்களில் ஒன்றான ஸ்டாக்ஃபிஷ் விற்கப்படுவதில்லை, அதை வளர்ப்பவர்கள் தன்னார்வலர்கள்; ஆனால் அதன் ஒவ்வொரு மாற்றத்தையும் சோதிக்க உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் கணினிகள் இரவும் பகலும் ஆடிக்கொண்டிருக்கின்றன. காசு வாங்காததால் அதை அமெச்சூர் என்று சொல்லலாம். தனியாளின் வசதியோடு ஒப்பிட்டால் அந்தச் சொல் பொருந்தாது. இந்தப் பக்கத்தில் அமெச்சூர் என்றால், ஒருவரோ இருவரோ தங்களிடம் உள்ள கணினியைக் கொண்டு எழுதி, சோதித்து, ஆடவைக்கும் நிரல் என்று கொள்க.

சாதாரணக் கணினியோடு போனால் அவமானப்பட்டுத் திரும்ப வேண்டியிருக்குமா?

பட்டம் கிடைப்பது அரிது. ஆனால் வலிய கணினி வைத்திருப்பவர் எப்போதும் வென்றார் என்று இந்தத் துறையின் வரலாறு சொல்லவில்லை.

1978-இல் வாஷிங்டனில் நடந்த வட அமெரிக்கக் கணினி செஸ் போட்டியில், ஸ்ப்ராக்லன் தம்பதியர் எழுதிய சார்கன் என்ற நிரல், 8 பிட் இசட்80 செயலியில் ஓடிக்கொண்டு, பெரிய ஆம்டால் மெயின்ஃபிரேமில் ஓடிய ஆவிட் என்ற நிரலைத் தோற்கடித்தது. அன்றைய மெயின்ஃபிரேமுக்கும் வீட்டுக் கணினிக்கும் இருந்த வேக இடைவெளியோடு பார்த்தால், இன்று நல்ல சர்வருக்கும் பழைய மடிக்கணினிக்கும் உள்ள இடைவெளி பெரிதே அல்ல. 1992-இல் மாட்ரிட்டில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில், கணினிக்குள் செருகும் ஓர் அட்டையில் இருந்த ஆர்ம் செயலியில் ஓடிய செஸ்மெஷின் பட்டம் வென்றது. மைக்ரோ செயலி ஒன்று அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. 1995-இல் ஹாங்காங்கில், 90 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தில் ஓடிய ஃப்ரிட்ஸ், ஐபிஎம்மின் டீப் புளூ முன்மாதிரியை நேருக்கு நேர் வென்று பட்டத்தையும் எடுத்துச் சென்றது. 2009-இல் பாக்கெட் ஃப்ரிட்ஸ் 4 ஒரு கைபேசியில், நொடிக்கு 20,000-க்கும் குறைவான நிலைகளை மட்டுமே பார்த்துக்கொண்டு, புவனஸ் ஐரிஸில் மனிதர்கள் ஆடிய போட்டியொன்றில் 10 ஆட்டங்களில் 9.5 புள்ளி எடுத்தது.

கடைசி மூன்றும் அமெச்சூர் நிரல்கள் அல்ல. வன்பொருளைப் பற்றிய சான்றாக மட்டுமே அவற்றைச் சொல்கிறேன். அமெச்சூருக்குச் சான்று வேண்டுமென்றால் 2005-ஐப் பார்க்கலாம். ஃபாபியன் லெத்தூசே என்ற தனியாள் எழுதிய ஃப்ரூட், ஒரே கோரில் மட்டும் ஓடத் தெரிந்த நிரல், ரெய்க்யவிக்கில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. அந்த ஆண்டின் முதல் பரிசும் தனியாள் ஒருவர் எழுதிய ஸாப்பாவுக்கே போனது.

எதிராளியின் கணினி இருமடங்கு வேகமானது என்றால் எனக்கு எவ்வளவு நஷ்டம்?

வேகம் இருமடங்கானால் சுமார் 50 முதல் 70 எலோ புள்ளி (ஆட்ட வலுவை அளக்கும் தரப் புள்ளி) கூடும் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. ஆட்ட நேரம் நீளநீள, நிரல் வலுக்கவலுக்க அந்தப் பலன் குறைந்துகொண்டே வரும். இதற்குக் காரணம் தேடலின் வடிவம். சராசரி நிலையில் சுமார் 35 நகர்த்தல்கள் சாத்தியம் என்றாலும், பயனற்ற கிளைகளைத் தேடாமல் விடும் ஆல்ஃபா-பீட்டா வெட்டும் அதன்மேல் வந்த மற்ற உத்திகளும் சேர்ந்து, ஓர் அடி (ஒரு தரப்பின் ஒரு நகர்த்தல்) கூடுதல் ஆழத்துக்கு ஆகும் செலவை நல்ல நிரல்களில் ஏறக்குறைய இருமடங்கு வரை இறக்கிவிட்டன. ஆகவே இருமடங்கு வேகம் என்பது நடைமுறையில் ஓர் அடி ஆழம், அவ்வளவுதான்.

100 எலோ வித்தியாசம் என்றால் வலியவர் எடுக்கும் எதிர்பார்ப்பு விகிதம் 64 சதவீதம். 200 என்றால் 76. அதாவது நான்கு மடங்கு வேகமான கணினியின் முன் உட்கார்ந்தாலும், மற்றவை சமமாக இருந்தால், மூன்றில் ஒரு பங்குப் புள்ளி உங்களுக்கு வரவேண்டும். மற்றவை சமமாக இருப்பதில்லை என்பதுதான் விஷயம். எதிரியின் ஓடுசிப்பாயைத் தவறாக மதிப்பிடுவது, டிரா நிலையை வெற்றி என்று நம்புவது, கடிகாரத்தைப் பாழாக்குவது ஆகிய ஒவ்வொன்றும் அந்த 100 புள்ளியைச் சத்தமின்றி விழுங்கக்கூடியது. புதிய கணினி வாங்குவதற்கு முன் இவற்றைச் சரிபார்ப்பது மலிவு.

கோர்களின் எண்ணிக்கையைக் கேட்டும் மிரள வேண்டாம். இரண்டு கோர் என்பது இருமடங்கு வேகம் ஆகாது, ஏனெனில் இணையாகத் தேடும்போது ஒரு கோர் செய்த வேலையின் ஒரு பகுதியை இன்னொன்றும் வீணாகச் செய்கிறது. கோர்கள் கூடக்கூட இந்த வீண்செலவும் கூடும்.

எல்லோருக்கும் ஒரே வன்பொருள் தரும் போட்டிகள் உண்டா?

உண்டு. பன்னாட்டுக் கணினி விளையாட்டுச் சங்கம் 2009-இல் பாம்ப்லோனாவில் நடத்திய உலகச் சாம்பியன் போட்டியில் 8 கோர் என்று உச்சவரம்பு வைத்தது. அதைப் பற்றிச் சர்ச்சை எழுந்ததால் மறு ஆண்டே வரம்பை நீக்கிவிட்டு, அதற்குப் பதிலாக ஒரே வகைக் கணினியில் எல்லா நிரல்களும் ஆடும் தனிப் போட்டியொன்றைக் கூடவே தொடங்கியது. 2010 முதல் இணையத்தில் நடந்துவரும் டிசெக் தொடரில் நடத்துபவரின் கணினியிலேயே எல்லா நிரல்களும் ஓடுகின்றன. இணையத்தின் சிசிஆர்எல் போன்ற தரவரிசைப் பட்டியல்களும் வன்பொருளையும் நேரத்தையும் சமப்படுத்தியே ஆட்டங்களை நடத்துகின்றன. முதன்முறை வருபவருக்கு என் பரிந்துரை இந்தப் பட்டியல்கள்தாம்: யாரோ ஒருவர் பொறுமையாக நூற்றுக்கணக்கான ஆட்டங்களை உங்கள் நிரலோடு ஆடவைப்பார், பிழை இருந்தால் அது அங்கேயே வெளிப்படும்.

என் நிரல் விதிப்படிதான் நகர்த்துகிறது என்பதை எப்படி உறுதிசெய்வது?

ஆட்டங்களைப் பார்த்து உறுதிசெய்ய முடியாது. ஆயிரம் ஆட்டத்துக்கு ஒரு முறை வரும் பிழை போட்டியன்று வரும். இதற்கென்றே பெர்ஃப்ட் என்ற எண்ணும் சோதனை இருக்கிறது. ஒரு நிலையிலிருந்து குறிப்பிட்ட ஆழம் வரை சாத்தியமான எல்லா நகர்த்தல் வரிசைகளையும் எண்ணி, தெரிந்த விடையோடு ஒப்பிட வேண்டும். ஆட்டத்தின் தொடக்க நிலைக்கு விடைகள் இவை: 1 அடிக்கு 20, 2 அடிக்கு 400, 3 அடிக்கு 8,902, 4 அடிக்கு 1,97,281, 5 அடிக்கு 48,65,609, 6 அடிக்கு 11,90,60,324.

இத்தோடு நிறுத்திவிடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம். தொடக்க நிலையிலிருந்து 6 அடி வரை ஒரு காஸ்லிங்கோ ஒரு பதவி உயர்வோ வரவே முடியாது. வெள்ளை காஸ்லிங் செய்வதற்கே குறைந்தது 7-ஆம் அடி ஆகும். எனவே காஸ்லிங் நிரல்பகுதி முழுக்கத் தவறாக இருந்தாலும் மேற்கண்ட ஆறு எண்களும் சரியாகவே வரும். அதனால் கிவிபீட் என்று அழைக்கப்படும் சோதனை நிலையையும் கட்டாயம் எண்ண வேண்டும். காஸ்லிங், பதவி உயர்வு, ஆன் பாசான், கட்டுண்ட காய்கள் என எல்லாச் சிக்கலும் அதில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அதன் விடைகள் 48, 2,039, 97,862, 40,85,603.

அதிலும் தப்பக்கூடிய ஒரு பிழையைக் குறிப்பாகச் சொல்கிறேன். உங்கள் ராஜா, உங்கள் சிப்பாய், அதன் பக்கத்தில் இப்போதுதான் இரண்டு கட்டம் பாய்ந்து வந்த எதிரிச் சிப்பாய், அதற்கப்பால் எதிரியின் யானை, இந்த நான்கும் ஒரே கிடைவரிசையில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆன் பாசான் முறையில் வெட்டினால், வெட்டிய சிப்பாய் வேறு வரிசைக்குப் போய்விடும், வெட்டுப்பட்ட சிப்பாய் பலகையை விட்டே போய்விடும். ஒரே நகர்த்தலில் இரண்டு காய்கள் வரிசையிலிருந்து நீங்கி, யானையின் செக் ராஜா மேல் திறந்துவிடும். காய் கட்டுண்டிருக்கிறதா என்று ஒவ்வொரு காயாகச் சோதிக்கும் நிரல், நடுவில் இன்னொரு சிப்பாய் இருப்பதைப் பார்த்து, கட்டு இல்லை என்று முடிவுசெய்து, இந்த விதிமீறிய நகர்த்தலை அனுமதித்துவிடும்.

பழைய கணினியிலிருந்து அதிகபட்ச வேகத்தைப் பெற எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் வெப்பம். மடிக்கணினிகள் சில நிமிடங்களுக்கு முழு வேகத்தில் ஓடிவிட்டு, சூடேறியதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வீட்டில் 10 நொடிச் சோதனையில் பார்த்த வேகம், நான்கு மணி நேர ஆட்டத்தின் மூன்றாம் மணி நேரத்தில் இருக்காது. நிரலை ஒரு மணி நேரம் தொடர்ந்து யோசிக்கவிட்டு, நொடிக்கு எத்தனை நிலைகள் பார்க்கிறது என்பதைத் தொடக்கத்திலும் முடிவிலும் குறித்துப் பாருங்கள். மின்சேமிப்பு அமைப்பையும், தானாக வந்திறங்கும் அப்டேட்டுகளையும், பின்னணியில் ஓடும் ஆன்டிவைரஸையும் நிறுத்திவையுங்கள்.

அடுத்தது நினைவகம். ஏற்கெனவே தேடிய நிலைகளின் முடிவுகளைச் சேமித்துவைக்கும் ஹாஷ் டேபிளுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு கொடுப்போம் என்று ஆசைப்பட்டு, 4 ஜிகாபைட் உள்ள கணினியில் 3 ஜிகாபைட்டை ஒதுக்கினால், இயங்குதளம் நினைவகத்தை வட்டுக்கு மாற்றத் தொடங்கும். அந்த நிமிடமே தேடல் நின்றுபோனதற்குச் சமம். பாதிக்கு மேல் ஒதுக்காதீர்கள். ஹாஷ் டேபிள் இருமடங்காவதால் கிடைக்கும் பலன் சில எலோ புள்ளிகள்தாம்.

மூன்றாவது, நிரலை அந்தக் கணினிக்கென்றே கம்பைல் செய்வது. பலகையின் 64 கட்டங்களை ஒரே 64 பிட் எண்ணாக வைத்துக்கொள்ளும் பிட்போர்டு முறை 64 பிட் செயலியில் பறக்கும். 32 பிட் செயலியில் ஒவ்வொரு செயலும் இரண்டாகப் பிரிந்து தடுமாறும். பிட்டுகளை எண்ணும் கட்டளை இல்லாத பழைய செயலியில், அந்தக் கட்டளையை நம்பிக் கம்பைல் செய்த நிரல் தொடங்கியவுடனேயே விழுந்துவிடும். எங்கே ஓடப்போகிறதோ அங்கேயே கம்பைல் செய்துவிடுவது உத்தமம்.

பழைய செயலியில் நரம்பு வலை மதிப்பீடு எடுபடுமா?

எடுபடும். நிலையின் சாதக பாதகத்தைக் கையால் எழுதிய விதிகளுக்குப் பதிலாக, பயிற்றுவித்த நரம்பு வலை கணிப்பதே இந்த மதிப்பீடு. என்என்யூஇ என்ற வகை வலையை 2018-இல் யூ நாசு ஷோகி (ஜப்பானியச் செஸ்) நிரல்களுக்காக வடிவமைத்ததே சாதாரண செயலியில் ஓடுவதற்காகத்தான்; கிராஃபிக்ஸ் அட்டை தேவையில்லை. ஒரு நகர்த்தலில் ஓரிரு காய்களே இடம் மாறுவதால், வலையின் முதல் அடுக்கை முழுவதும் கணக்கிடாமல், மாறிய பகுதியை மட்டும் கூட்டிக் கழிப்பது அதன் சூட்சுமம். 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 இதை ஏற்றபின் செஸ் நிரல்கள் பெரும்பாலும் இந்தப் பாதையில் திரும்பிவிட்டன.

ஆயினும் இந்தக் கூட்டல் கழித்தலை ஒரே கட்டளையில் பல எண்களுக்குச் சேர்த்துச் செய்யும் வசதி பழைய செயலிகளில் குறைவு. அங்கே வலையின் அகலத்தைக் குறைத்துக்கொள்வதே வழி. ஒரேயொரு மறை அடுக்கு கொண்ட சிறிய வலைகூட, கையால் எழுதிய மதிப்பீட்டைப் பெரும்பாலும் மிஞ்சிவிடும்.

கையால் எழுதிய மதிப்பீட்டையே வைத்திருக்க விரும்புபவர் குறைந்தபட்சம் அதன் எண்களையாவது கணினியிடம் விட்டுவிட வேண்டும். டெக்ஸல் நிரலை எழுதிய பீட்டர் ஆஸ்டர்லுண்ட் 2014-இல் விவரித்த முறை இதற்குப் போதும்: ஆட்டங்களிலிருந்து அமைதியான நிலைகளைப் பொறுக்கி, அந்த ஆட்டங்களின் முடிவோடு மதிப்பீடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்து, ஒத்துப்போகும்வரை எண்களைத் திருத்துவது. சாதாரணக் கணினியில் ஓர் இரவில் முடியும் வேலை.

டேபிள்பேஸ் இல்லாமல் போனால் பரவாயில்லையா?

பரவாயில்லை. டேபிள்பேஸ் என்பது சில காய்களே மிஞ்சிய நிலைகளுக்கான சரியான முடிவுகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த தொகுப்பு. சிசிஜி (Syzygy) வகையில் 5 காய்கள் வரையிலான தொகுப்பு 1 ஜிகாபைட்டுக்குள் அடங்கும், அதை வைத்துக்கொள்ளுங்கள். 6 காய்களுக்குச் சுமார் 150 ஜிகாபைட் தேவை. 7 காய்களுக்கு 16 டெராபைட்டுக்கும் மேல். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் 6 காய்த் தொகுப்பை வைத்துத் தேடலின் நடுவே தடவிக்கொண்டிருந்தால், கிடைக்கும் அறிவைவிட இழக்கும் நேரமே அதிகம்.

வேறொருவரின் ஓப்பனிங் புக்கைப் பயன்படுத்தலாமா?

தொடக்க நகர்த்தல்களின் தொகுப்பான ஓப்பனிங் புக்கை, போட்டி விதி அனுமதித்தால் பயன்படுத்தலாம், ஆனால் பெரிய புக் நல்ல புக் அல்ல. வலிய நிரல்களுக்காகத் தயாரித்த புக், கூர்மையான தியாக வரிகளின் முனையில் உங்கள் நிரலைக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கைகழுவும். அந்த நிலையில் வலிய நிரலுக்குத் தெரியும் பதினாறாம் அடியின் ரகசியம் உங்களுடையதற்குத் தெரியாது. உங்கள் நிரல் புரிந்துகொள்ளும் வகை நிலைகளுக்கு இட்டுச்செல்லும் குறுகிய புக்கைக் கையால் தொகுப்பது மேல். புக் முடிந்தவுடன் நிரல் தரும் மதிப்பீட்டை வரிவரியாகப் பாருங்கள். தனக்குப் பாதகம் என்று நிரலே சொல்லும் வரிகளை நீக்கிவிடுங்கள்.

நேர மேலாண்மையில் என்ன அப்படிப் பெரிய சிக்கல்?

அமெச்சூர் நிரல்கள் வெல்லவேண்டிய ஆட்டத்தைத் தோற்பதற்கு, என் கணிப்பில், இதுவே முதல் காரணம்.

வீட்டில் நிரலுக்கும் நிரலுக்கும் இடையே மனிதர் இல்லை. நேரில் நடக்கும் போட்டியில் உண்டு. எதிராளியின் நகர்த்தலைப் பார்த்து, அதைத் திரையில் இட்டு, நிரலின் பதிலைப் பலகையில் நகர்த்தி, கடிகாரத்தை அழுத்த ஒவ்வொரு முறையும் 5 நொடி ஆகிறது என்று வைத்தால், 80 நகர்த்தல் ஆட்டத்தில் 400 நொடி, அதாவது ஏறக்குறைய 7 நிமிடம், நிரலுக்குத் தெரியாமல் கரைந்துபோகும். நிரலின் உள்கடிகாரம் 5 நிமிடம் மிச்சம் என்று நம்பிக்கொண்டிருக்கும்போது மேசைக் கடிகாரத்தின் கொடி விழுந்திருக்கும். ஆகவே மேசைக் கடிகாரத்தைப் பார்த்து உள்கடிகாரத்தைத் திருத்த ஒரு வழி இருக்க வேண்டும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஓர் இழப்பு நேரத்தைக் கழித்துக்கொள்ளும் வசதியும் இருக்க வேண்டும். இணையத்தில் நடக்கும் போட்டியில் மனிதரின் கைக்குப் பதிலாக இணைப்பின் தாமதம் அந்த நேரத்தைத் தின்னும்.

தேடல் எத்தனை நிலைகளுக்கு ஒரு முறை கடிகாரத்தைப் பார்க்கிறது என்பதையும் சரிபாருங்கள். வேகமான கணினியில் 1,00,000 நிலைகளுக்கு ஒரு முறை பார்ப்பது கண்ணிமைக்கும் நேரம்; நொடிக்கு 50,000 நிலைகள் மட்டும் பார்க்கும் பழைய கணினியில் அதுவே 2 நொடி. கடைசி நிமிடத்தில் 2 நொடி என்பது பல நகர்த்தல்களுக்கான நேரம். எதிராளியின் நேரத்தில் யோசிக்கும் வசதி இருந்தால், ஊகித்த நகர்த்தலே வந்தபோது கடிகாரக் கணக்கு சரியாகத் தொடங்குகிறதா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். பிழைகள் ஒளிந்துகொள்ளப் பிடித்தமான மூலை அது.

நிரலை இயக்குபவர் எந்த அளவுக்குத் தலையிடலாம்?

ஏறக்குறைய இல்லை என்றே கொள்ளுங்கள். நகர்த்தலை உள்ளிடுவது, நிரல் சொன்னதைப் பலகையில் செய்வது, நிரல் கேட்கும் கேள்விக்கு விடை தருவது, இவைதான் வேலை. தோல்வியை ஒப்புக்கொள்ளவோ டிராவுக்குச் சம்மதிக்கவோ நடுவரைக் கேட்க வேண்டும் என்பது பரவலான விதி.

இதில் புகழ்பெற்ற வழக்கு ஒன்று உண்டு. 2003-இல் கிராட்ஸில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில், ஜோனி என்ற அமெச்சூர் நிரல் ஷ்ரெடரோடு ஆடும்போது ஷ்ரெடரின் பிழையால் ஒரே நிலை மூன்றாம் முறை திரும்பியது. திரையில் அந்த அறிவிப்பும் வந்தது. ஜோனியை இயக்கியவர், டிரா கோராமல் பெருந்தன்மையாக ஆட்டத்தைத் தொடர்ந்தார், ஷ்ரெடர் வென்றது. முடிவில் ஷ்ரெடரும் ஃப்ரிட்ஸும் சமப் புள்ளியில் நின்று, கூடுதல் ஆட்டங்களில் பட்டம் ஷ்ரெடருக்குப் போனது. அந்த அரைப் புள்ளி மூன்றாவதொருவரின் பட்டத்தைத் தீர்மானித்துவிட்டது என்று பெரும் விவாதம் எழுந்தது. பெருந்தன்மை காட்டும் உரிமை இயக்குபவருக்கு இல்லை என்பதே என் கருத்து. டிராவை நிரலே கண்டறிந்து, நிரலே கோரட்டும். அப்போது சங்கடமே எழாது.

திறந்த மூலநிரல்களிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்?

கருத்துகளை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வரிகளை எடுக்கக் கூடாது. ஹாஷ் டேபிள், நல் மூவ் (null move, ஒரு முறை நகர்த்தாமல் விட்டுப் பார்ப்பது), பின்வரிசை நகர்த்தல்களை ஆழம் குறைத்துத் தேடுவது போன்ற உத்திகள் எல்லோருக்கும் பொதுவானவை. ராபர்ட் ஹயட்டின் கிராஃப்டியையும், 2005-இல் பொது உரிமத்தில் வெளியான ஃப்ரூட்டையும் படித்துத்தான் ஒரு தலைமுறையே இந்தக் கலையைக் கற்றது. ஆனால் போட்டிக்கு வரும் நிரல் அதைக் கொண்டுவருபவரின் சொந்தப் படைப்பாக இருக்க வேண்டும் என்ற விதி கண்டிப்பானது. 2011-இல் பன்னாட்டுக் கணினி விளையாட்டுச் சங்கம் ரிப்கா நிரல் கிராஃப்டி, ஃப்ரூட் ஆகியவற்றிலிருந்து எடுத்திருக்கிறது என்று தீர்மானித்து, 2007 முதல் அது வென்ற உலகப் பட்டங்களைப் பறித்தது. அந்தத் தீர்ப்பின் நியாயம் குறித்து இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் உங்கள் மூலநிரலை நடுவர் கேட்டால் காட்டும்படி இருக்க வேண்டும் என்பதில் வாதத்துக்கு இடமில்லை. நரம்பு வலையைப் பிறரது தரவில் பயிற்றுவித்தால் அது சொந்தமா என்பதில் போட்டிக்குப் போட்டி விதி வேறுபடுவதால், பெயர் கொடுக்கும் முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

யுசிஐ, வின்போர்டு ஆகிய இரண்டில் எந்த நெறிமுறை?

யுசிஐ. நிரலும் ஆட்டத்தைக் காட்டும் இடைமுகமும் பேசிக்கொள்வதற்கான இந்த நெறிமுறை 2000-இல் வந்தது, எழுத எளிது, இன்றைய எல்லா இடைமுகங்களும் அதை ஏற்கின்றன.

புதிய மாற்றம் நிரலை வலுப்படுத்தியதா என்று ஒரே கணினியை வைத்து எப்படிச் சோதிப்பது?

குறுகிய ஆட்டங்களால். 10 நொடியும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 0.1 நொடியும் என்ற நேர அளவில், பக்கத்துக்கு 60 நகர்த்தல் ஆடும் ஓர் ஆட்டம் அதிகபட்சம் 32 நொடியில் முடியும். 4 கோர் கணினியில் ஒன்றை இயங்குதளத்துக்கு விட்டுவிட்டு மூன்றில் ஒரே நேரத்தில் ஆடவைத்தால், 10 மணி நேர இரவில் 3,300 ஆட்டங்களுக்குக் குறையாமல் கிடைக்கும்.

அவ்வளவு ஆட்டங்கள் தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. மூன்றில் ஒரு பங்கு ஆட்டங்கள் டிரா ஆகின்றன என்று வைத்தால், 100 ஆட்டங்களின் முடிவில் பிழை வரம்பு இருபுறமும் சுமார் 55 எலோ. 1,000 ஆட்டங்களில் சுமார் 18. 10,000 ஆட்டங்களில் சுமார் 6. பெரும்பாலான மாற்றங்களின் உண்மையான பலன் 5 எலோவுக்கும் கீழே என்பதால், நூறு ஆட்டத்தைப் பார்த்து மாற்றத்தை ஏற்பவர் நாணயத்தைச் சுண்டிப்போட்டும் ஏற்றிருக்கலாம். எஸ்பிஆர்டி என்ற தொடர் சோதனை முறை, தெளிவாகத் தேறிய மாற்றத்தையும் தெளிவாகத் தோற்ற மாற்றத்தையும் விரைவிலேயே நிறுத்தி, இரவுகளை மிச்சப்படுத்தும். ஒரே கணினி வைத்திருப்பவருக்கு அது பெரிய உதவி.

பழைய பதிப்போடு மட்டும் மோதவிடாமல், ஏறத்தாழ சம வலுவுள்ள ஐந்தாறு வேற்று நிரல்களோடும் அவ்வப்போது மோதவிடுங்கள். தன் சாயலோடு மட்டும் ஆடும் நிரலின் குருட்டுப்புள்ளி இருபுறமும் ஒன்றாகவே இருப்பதால், அது வெளியே தெரிவதில்லை.

9 சுற்றுப் போட்டியில் எத்தனை புள்ளி வந்தால் நல்லது?

மேற்சொன்ன கணக்கையே 9 ஆட்டங்களுக்குப் போட்டால், 5 புள்ளிக்குத் தகுதியான நிரல் 4-ம் எடுக்கலாம், 6-ம் எடுக்கலாம்; இரண்டிலிருந்தும் எதையும் முடிவுசெய்ய இயலாது. சமப் புள்ளியில் இருப்பவர்களை மோதவிடும் ஸ்விஸ் முறையில் முதல் சுற்றில் மிக வலிய நிரலிடம் அடிவாங்குவதும் இயல்பு. அட்டவணையைவிட, ஆட்டங்களின் பதிவுக் கோப்பைப் பாருங்கள். உங்கள் நிரலின் மதிப்பீடு எந்த நகர்த்தலில் எதிராளியின் மதிப்பீட்டிலிருந்து விலகத் தொடங்கியது, இருவரில் யார் சொன்னது பிறகு உண்மையானது என்று பார்த்தால், அடுத்த சில மாதங்களுக்கான வேலை அங்கேயே கிடைக்கும்.

ஆட்டத்தின் நடுவே நிரல் விழுந்துவிட்டால்?

பெரும்பாலான போட்டிகளில் திரும்பத் தொடங்க அனுமதி உண்டு, ஆனால் கடிகாரம் நிற்காது. எனவே நிலையை மட்டும் உள்ளிட்டால் போதாது. நகர்த்தல் வரிசை முழுவதையும் கோப்பிலிருந்து ஏற்றும் வசதி வேண்டும். நிலையை மட்டும் கொடுத்தால், அதுவரை எந்த நிலைகள் எத்தனை முறை வந்தன என்பது நிரலுக்குத் தெரியாது. வென்றுகொண்டிருக்கும் ஆட்டத்தில் தானே போய் மும்முறைத் திரும்பலில் விழும். இதை முன்கூட்டியே ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள்: ஆட்டத்தின் நடுவே நிரலை வலிந்து கொன்று, திரும்ப ஏற்றி, முதல் நகர்த்தல் வருவதற்கு எத்தனை நொடி ஆகிறது என்று அளந்து பாருங்கள்.

போட்டிக்கு முந்தைய இரவு ஒரு நல்ல மாற்றம் தோன்றியது. சேர்த்துவிடலாமா?

வேண்டாம். 5 எலோ கூடுகிறதா என்று தெரிந்துகொள்ளவே ஓரிரவு போதாது என்று மேலே பார்த்தோம். புதிய பிழை நுழையவில்லை என்று தெரிந்துகொள்ள இன்னும் பல இரவுகள் ஆகும். குறைந்தது ஒரு வாரம் மாறாமல் ஓடிய பதிப்பை எடுத்துச் செல்லுங்கள், அதன் இன்னொரு பிரதியை வேறொரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.